தேசாதிபதிக்கு வைத்த தாடி

பெரிய வீட்டு மேஸ்திரி சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எங்கள் மாதா கோயில் சுவரில் நான் காயப்போட்டிருந்த நாடகத் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது எங்க ஆண்டைதானே?" என்றார்.

நான் கையில் தூரிகையோடு நின்றிருந்தேன். "இல்லீங்க. இது தேசாதிபதி. ஆண்டவர சிலுவையில அறையத் தீர்ப்பு சொல்லிட்டு கை கழுவனவரு."

"அது உங்க வேதத்துல. நான் இங்க கேக்கிறேன்." விரலை நீட்டித் திரையைக் காட்டினார். "சுண்டு விரலு மடங்காம தனியா நிக்குது பாரு. இந்த ஊர்ல யாருக்கு அப்பிடி நிக்கும்? தெனம் பாக்கிற கை எனுக்குத் தெரியாதா?"

பதிலுக்குக் காத்திராமல் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார். பெரிய வீட்டை நோக்கித்தான் போனார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் காலனி. நைனாவும் அம்மாவும் பெரிய வீட்டு நிலத்தில் வேலை செய்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நிலத்துக்காரரை எல்லோரும் ஆண்டை என்றார்கள். இளவயதில் நுகத்தடியில் சிக்கி அவருடைய வலது சுண்டு விரல் முறிந்து, நீட்டியபடியே நின்றுவிட்டது. அவர் கும்பிட்டாலும் அந்த விரல் மட்டும் சேராது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று சங்கிலி போட்டு நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். காலனிப் பையன்கள் ஏழெட்டுப் பேர் டிபன் பாக்ஸோடு காலை ரயிலேறிக் கம்பெனி வேலைக்குப் போனார்கள். மற்ற எல்லோருக்கும் பெரிய வீட்டு வயல்தான். எங்கள் கோயில் நின்ற இடமும்கூட ஆண்டை வாய்ச்சொல்லாக விட்ட இடம். காகிதம் எதுவும் கிடையாது.

நான் திருவள்ளூரில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் பத்தாவதுக்கு மேல் படித்தவள். ஆர்மோனியம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரிய பெட்டி அது. ஒரு பெண் வாசிக்க, இன்னொருத்தி பின்னால் நின்று துருத்தி அடிக்க வேண்டும். மூன்று வருடம் நான்தான் துருத்தி அடித்தேன். வாசித்தவளின் விரல்களைத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பாட்டு கைக்கு வந்துவிட்டது. படம் போட்டதும் அப்படித்தான். விடுதிச் சமையல்கட்டின் பின்சுவரில் அடுப்புக்கரியால் மாதாவையும் இறக்கை வைத்த சம்மனசுகளையும் வரைந்து வைத்தேன். ஒரு சிஸ்டர் வந்து பார்த்து, "எல்லாரையும் ஏன் இவ்வளவு கருப்பா போட்டிருக்கே?" என்று கேட்டார். "கரிதான் கெடச்சிது சிஸ்டர்" என்றேன். பிற்காலத்தில் கண்காட்சிகளில் என் நிறங்களைப் பற்றிப் பெரிய பெரிய கேள்விகள் கேட்டார்கள். அன்று சொன்னதைவிட உண்மையான பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து, காலனிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். தவக்காலம் பிறந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மாலையில் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுகிற பாஸ்கா நாடகம் போடுவது எங்கள் வழக்கம். பழைய திரையை எலி கடித்துவிட்டது. கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் என்னிடம் வந்து, "திரையும் நீயே போட்டுரும்மா, பொட்டியும் நீயே வாசிச்சிரு" என்றார்.

வெளிநாட்டு உதவியாக வந்த கோதுமை மாவு மூட்டைகளின் சாக்குத்துணியைப் பிரித்துத் தைத்தேன். அதில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் எழுத்து எத்தனை துவைத்தும் போகவில்லை. மேலே சுண்ணாம்பு அடித்து மறைத்தேன். காவி, சலவை நீலம், கரி, தச்சரிடம் வாங்கிய வஜ்ஜிரப் பசை. இவ்வளவுதான் என் வர்ணங்கள். பாட்டுகளுக்கு அம்மாவின் நடவுப்பாட்டு மெட்டுகளை எடுத்துக்கொண்டேன். "இது சேத்துல பாடறதாச்சேம்மா" என்று உபதேசியார் முகம் சுளித்தார். ஆனால் ஒத்திகையில் ஒரே தடவையில் எல்லோரும் பாடிவிட்டதால் விட்டுவிட்டார்.

மூன்றாவது காட்சி தேசாதிபதியின் முற்றம். முகத்தை உபதேசியாரின் வேதப் புத்தகப் படத்தைப் பார்த்துப் போட்டேன். அந்தப் படத்தில் கை அரிசி அளவுதான் இருந்தது. பார்த்துப் போட முடியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த கை ஒன்றைப் போட்டேன்.

சின்ன வயதில் நைனாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவேன். மோட்டார் கொட்டகையில் ஆண்டை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது தாகம் என்று வந்தால், மனசு நன்றாக இருக்கிற நாளில் அவரே செம்பை எடுத்து ஊற்றுவார். செம்பை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். நைனா கீழே குனிந்து இரண்டு கையையும் குவித்து, விழுகிற தண்ணீரைக் குடிப்பார். ஒரு துளிகூட ஆண்டை மேல் தெறித்துவிடாத உயரம் அது. அந்தச் சுண்டு விரல் செம்பைத் தொடாமல் தனியாக நிற்கும்.

திரையில் தேசாதிபதி கைகளை உயர்த்திக் கழுவுகிறார். தண்ணீர் கீழே விழுகிறது. ஒரு வேலைக்காரர் தாம்பாளத்தை ஏந்திக் குனிந்திருக்கிறார். குனிந்த அந்த முதுகு நைனாவுடைய முதுகு.

மேஸ்திரி போன அன்று மாலையே செய்தி காலனி முழுக்கப் பரவிவிட்டது. கோயில் வாசலில் எல்லோரும் கூடினார்கள். நவரை நெல் அறுப்பு தொடங்க நான்கைந்து நாள்தான் இருந்தது. வெளியூரிலிருந்து ஆள் இறக்கப்போவதாக மேஸ்திரி டீக்கடையில் சொன்னாராம்.

"கோயிலு நிக்கிற எடத்தக் கேட்டா நாம இன்னா பண்றது?" என்றார் உபதேசியார்.

தேசாதிபதி வேஷம் கட்டுகிற பையன் கம்பெனிக்குப் போகிறவன். "படத்த மாத்தக் கூடாது. அவரு மூஞ்சியா அது? கேட்டா கேக்கட்டும்" என்று எழுந்தான்.

"உனுக்கு ரயிலு இருக்குது" என்றார் ஒரு பெரியவர். "எங்களுக்கு?"

அதன்பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் நெனச்சிப் போடல" என்றேன். "கை தெரியல. ஏதோ ஒரு கை போட்டேன்." சொல்லும்போது அது பொய் என்று எனக்குப் படவில்லை. நைனா கூட்டத்தின் ஓரத்தில் துண்டை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்.

உபதேசியார்தான் வழி சொன்னார். "மூஞ்சிக்கி ஒரு தாடி வெச்சிரும்மா. ஆண்டைக்குத் தாடி கெடையாது. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

மேஸ்திரி விரலைத்தான் பார்த்தார், முகத்தை அல்ல என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும். அந்த விரலை மடக்கிவிட்டால் போதும். இரண்டு இழுப்பு வேலை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் கரியை வஜ்ஜிரத்தில் குழைத்துத் தாடி வைத்தேன். விரலைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்? நெனச்சிப் போடவில்லை என்று சொன்னவள் எதற்கு அதைக் காப்பாற்ற வேண்டும்? தாடியைப் பூசிக்கொண்டிருந்தபோதே இந்தக் கேள்வி வந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பிற்பகல் ஆண்டையே வந்தார்.

அவர் காலனிக்குள் வந்து நான் பார்த்ததில்லை. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மேஸ்திரி குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவரவர் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோழிகளைத் தவிர எதுவும் சத்தம் போடவில்லை. ஆண்டை கோயில் வாசலுக்கு இருபதடி தள்ளியே நின்று, "அந்தத் திரைய வெளிய கொண்டாங்க" என்றார்.

திரையை ஒரு மூங்கிலில் கட்டியிருந்தோம். தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை வேஷம் கட்டுகிற பையன் பிடித்தான். மறுமுனையை யார் பிடிப்பது என்று ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நைனா போய்ப் பிடித்தார். வெயிலில் இரண்டு பேரும் தூக்கி நிறுத்தினார்கள். தன் முதுகை வரைந்த படத்துக்குப் பக்கத்தில் நைனா நின்றார். அவர் படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்டை நிதானமாகப் பார்த்தார். முதலில் முகத்தை. பிறகு கையை. பிறகு கொஞ்சம் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் பார்த்ததாக அவர் நினைத்திருக்கலாம். நான் பார்த்தேன்.

"யாரு போட்டது?"

"நான்தாங்க."

"தாடி எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் உபதேசியார் முன்னால் வந்தார். "அந்தக் காலத்து ராசாங்க தாடி வெச்சிருப்பாங்க ஆண்டே..."

"நான் அந்தப் பொண்ண கேட்டேன். நேத்து மேஸ்திரி பாத்தப்ப தாடி இல்லியாமே. நடுவுல எப்பிடி மொளச்சிது?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒளிச்சி வெச்சா, அது நாந்தான்னு நீங்களே ஊருக்குச் சொல்றா மாதிரி. தாடிய எடு."

"எடுத்துடறேங்க."

"வெரலு இருக்கட்டும்."

அங்கே நின்ற யாருக்கும் அது புரியவில்லை, எனக்கும் மேஸ்திரிக்கும் தவிர. ஆண்டை நைனாவின் பக்கம் திரும்பினார்.

"கீழ குனிஞ்சிக்கினு இருக்கிறது நீதானே?"

நைனா மூங்கிலைப் பிடித்தபடி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் கொட்டாயில நடக்கறத ஊட்டுல போயி பொண்ணுகிட்ட கதை சொல்றியா? தண்ணி குடுத்தது தப்பாப் போச்சா?"

"இல்ல ஆண்டே. நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அப்ப அதுக்கு எப்பிடித் தெரியும்?"

மூங்கில் நடுங்கியது. திரையில் முற்றமே அசைந்தது. அப்போது நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று இன்றும் தெரியவில்லை. "நைனா சொல்லலீங்க. நான் பாத்தேன். கஞ்சி கொண்டாரும்போது பாத்தேன். பாத்துதான் போட்டேன். தெரிஞ்சிதான் போட்டேன்."

கூட்டத்தில் அம்மா "ஐயோ" என்றது கேட்டது. முந்தின நாள் இதே ஆட்களிடம்தான் நான் நெனச்சிப் போடல என்று சொல்லியிருந்தேன். இப்போது அவர்கள் எதிரிலேயே மாற்றிச் சொன்னேன். சொன்ன பிறகுதான் இரண்டில் எது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

ஆண்டை திரும்பி நடந்தார். மேஸ்திரி குடையோடு பின்னால் ஓடினார்.

தாடியை ஈரத்துணியால் துடைத்தேன். வஜ்ஜிரத்தோடு சேர்ந்து தாடையும் வந்துவிட்டது. அடியிலிருந்த மாவு மூட்டை எழுத்துகள் தேசாதிபதியின் முகத்தில் நீல நீலமாகத் தெரிந்தன. அவசரத்தில் மறுபடி சுண்ணாம்பும் காவியும் குழைத்துப் பூசினேன். பழைய நிறம் வரவில்லை. மேல் முகம் ஒரு நிறமும் தாடை ஒரு நிறமுமாக இருந்தது. அப்படியே விட்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை காலையிலேயே மேஸ்திரி வந்து அறுப்புக்கு ஆள் சொன்னார். வீடு வீடாக நின்று, திங்கட்கிழமைக்கு வரச் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் அம்மாவைப் பார்த்து, "நீ வா" என்றார். நைனாவிடம், "நீ வேணாம்" என்றார். அம்மா, "நானும் வர்ல" என்று கதவைச் சாத்தினாள்.

காலனிக்கு வேலை கிடைத்தது. கோயில் இடத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எல்லோர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியோடு எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது மட்டும் வேகமாக நடந்தார்கள்.

நாடகம் பொழுது சாயும் நேரத்தில் தொடங்கியது. பெட்ரோமாக்ஸ் விளக்கு இரண்டு. மேடைக்குக் கீழே நான் கோயிலின் சின்ன ஆர்மோனியப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது காட்சி முடிகிற நேரத்தில் மேஸ்திரி மூன்று ஆட்களோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். ஒருவர் கையில் தடி இருந்தது. மாடு ஓட்டுகிற தடிதான். ஆனால் பக்கத்தில் மாடு இல்லை. பின்வரிசையில் குழந்தைகளை வைத்திருந்த பெண்கள் மெல்ல எழுந்து முன்னால் நகர்ந்தார்கள்.

மூன்றாவது காட்சிக்குத் திரை இறங்கியது. கையை உயர்த்திய தேசாதிபதி, குனிந்த வேலைக்காரர், விழுகிற தண்ணீர். அதற்கு முன்னால் பையன் வேஷத்தோடு வந்து நின்றான். மெட்டு தொடங்கினதும் அவன் கை கழுவ வேண்டும். அப்படித்தான் ஒத்திகை.

என் வலது கை கட்டையில் இருந்தது. முதல் சுரத்தை அமுக்கினேன். அடுத்த சுரத்துக்கு விரல் போகவில்லை. மெட்டு மறக்கவில்லை. விரல்தான் போகவில்லை. இடது கை துருத்தியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒற்றைச் சுரம் நீண்டுகொண்டே போனது. மேடையில் பையன் நீட்டிய கைகளோடு காத்துக்கொண்டு நின்றான். பின்னால் அந்த நான்கு பேரும் நின்றார்கள். என் காதில் அந்த ஒரு சுரமும் துருத்தியின் மூச்சும் மட்டும் கேட்டன.

கூட்டத்தின் நடுவிலிருந்து அம்மா பாடத் தொடங்கினாள். நாடகத்துக்காக எழுதின வார்த்தைகள் அவளுக்குத் தெரியாது. நடவில் பாடுகிற வார்த்தைகளைத்தான் பாடினாள். நாற்று, சேறு, இடுப்பு வலி. கை கழுவுகிற காட்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் கூடப் பாடவில்லை. அவள் ஒருத்தியாக இரண்டு அடி பாடி முடித்தபோது என் விரல் அடுத்த கட்டைக்குப் போனது. பையன் கையைக் கழுவினான். காட்சி நகர்ந்தது. கடைசிக் காட்சிக்கு முன்பு திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரியும் ஆட்களும் நின்ற இடம் காலியாக இருந்தது. என்ன செய்ய வந்தார்கள், ஏன் செய்யாமல் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நைனா கும்மிடிப்பூண்டிக்குப் போனார். தொழிற்பேட்டைக்கு மேடு வெட்டிப் பள்ளம் நிரப்புகிற வேலை. ஐம்பது வயதில் புதிதாகக் கூடை தூக்கினார். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். வந்ததும் செம்மண்ணைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டுப் படுத்துவிடுவார். என்னோடு பேச்சு இல்லை. வேலை போனதால் கோபம் என்று நினைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தையல் மெஷினில் இருந்தேன். நைனா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எதிரில் குந்தினார். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். "இன்னா நைனா, வேல போச்சேன்னு கோவமா?"

"வேல கெடக்குது."

"பின்ன?"

புகையை விட்டுவிட்டுச் சொன்னார். "ஆண்டையப் போட்டே, சரி. அவரு கைய ஊருக்குக் காட்டனே, அதுவும் சரி. என்னிய ஏன் போட்டே? நான் குனிஞ்சத நாலு பேரு பாத்துக்கினு இருந்தாங்க. நீ அத ஊருக்கே தொங்கவுட்டே. என்னிய ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். காலனி முழுக்க ஒரு வாரம் அந்தத் திரையைப் பற்றிப் பேசியது. ஆண்டையின் முகம், ஆண்டையின் கை, ஆண்டையின் கோபம். குனிந்திருந்தவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வரைந்த நானும் நினைக்கவில்லை. அநியாயத்தைக் காட்டினேன் என்று உள்ளுக்குள் எனக்கொரு பெருமைகூட இருந்தது.

"தப்புதான் நைனா" என்றேன்.

"ம்" என்று பீடியைத் தரையில் தேய்த்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு பயிற்சி முடித்து ஓவிய ஆசிரியை ஆனேன். ஆர்.கே.பேட்டையில் சில வருடம், மணவாள நகரில் வீடு எடுத்துக்கொண்டு திருவள்ளூரில் பல வருடம். பள்ளிக்கூடத்தில் பாட்டும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நிறையப் படம் போட்டேன். எனக்கென்று ஒரு கொள்கை இருந்தால் அது அந்த ஞாயிற்றுக்கிழமை பீடிப் புகையில் கிடைத்ததுதான். செம்பை உயர்த்தி ஊற்றியவரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை. அந்த விரலை இன்றைக்கும் அப்படியே போடுவேன். குனிந்து வாங்கியவரிடம் கேட்டிருக்க வேண்டும். அதன்பிறகு கேட்காமல் யாரையும் வரைந்ததில்லை. ஆர்.கே.பேட்டைச் சந்தையில் வேர்க்கடலை விற்ற ஒரு பெண், "வேணாம்மா, என் புருஷன் செத்து பத்து நாளுகூட ஆவல, இந்த மூஞ்சி இருக்க வேணாம்" என்றாள். அந்த முகத்தைப் போல ஒரு முகம் எனக்கு அப்புறம் அகப்படவில்லை. ஆனாலும் நினைவிலிருந்துகூட நான் அதை வரையவில்லை.

மெட்டுகளுக்கும் இது பொருந்துமோ என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். உன் பாட்டைக் கேட்காமல் எடுத்துவிட்டேனே என்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது இன்னா என் பாட்டா? சேத்துல எறங்கினவ எல்லாம் பாடறா. நீ பேஜாரு பண்ணாம போயி வேலையப் பாரு."

நைனாவிடம் கேட்க மட்டும் எனக்கு வெகுகாலம் தைரியம் வரவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் அவருக்குக் காவல் வேலை கிடைத்த வருடம், லீவுக்கு வந்திருந்தபோது கேட்டேன். படம் போட உட்காருகிறாயா என்று. மறுநாள் குளித்து, காக்கிச் சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அசையவில்லை. முடித்ததும் தாளை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மூக்கு கொஞ்சம் பெருசாக்கீது" என்றார்.

சரி செய்து தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.